இளகாதவள்

அந்த வார்த்தையை வக்கீல் முதல் தடவை சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாவது தடவை சொன்னபோது பற்றிக்கொண்டு வந்தது. இம்ப்ளேக்கபிள். பகையில் கொஞ்சமும் இளகாத, என்ன செய்தாலும் சமாதானத்துக்கு வராத ஆள் என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண்ணைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அதை அவளிடம் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்.

என் வேலை மொழிபெயர்ப்பு. குடும்ப நீதிமன்றம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். இந்த வேலையில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. யார் பேசினாலும் நான் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். திருடன் "நான் எடுக்கவில்லை" என்றால் நானும் "நான் எடுக்கவில்லை" என்பேன். இந்த வாயால் நான் செய்யாத திருட்டு இல்லை, பெறாத பிள்ளை இல்லை. எனக்கென்று ஏதாவது கேட்க வேண்டுமானால், "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்" என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, பூசி மெழுகக் கூடாது. சொந்தக் கோபத்தைக் குடையோடு வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். என் கோபம் அப்படிச் சொன்ன இடத்தில் நிற்கிற ரகம் இல்லை.

அது குடும்ப நீதிமன்றத்தில் சமரசம் பேசுவதற்கென்று ஒதுக்கிய சின்ன அறை. வட்ட மேஜை, அதன் நடுவில் அழுகிறவர்களுக்காக ஒரு டிஷ்யூ பெட்டி, திறக்கவே முடியாத ஜன்னல். ஒரு பக்கம் அந்தப் பெண். மறுபக்கம் பிரிந்துபோன கணவர், லாரி டிரைவர், பக்கத்தில் அவருடைய வக்கீல். நடுவில் சமரச அதிகாரி, மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட அம்மா, அவருக்கும் தமிழ் தெரியாது. ஆறு வயதுப் பெண் குழந்தை வார இறுதியில் அப்பாவோடு இருக்கலாமா என்பதுதான் பேச்சு. ஆனால் வக்கீல் அன்று ஒரே போடாகப் போட்டார். இவ்வளவு பகை வைத்திருக்கும் தாயிடம் குழந்தை வளர்வதே நல்லதில்லை, அப்பாவிடமே கொடுத்துவிட வேண்டும் என்றார்.

நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "இந்த அம்மா எதுக்கும் இளகாத பகைக்காரி. மூணு தடவை கூப்பிட்டுப் பேசியாச்சு. மூணு தடவையும் ஒரே பதில், முடியாது. அதனால குழந்தைய அப்பாகிட்டயே குடுத்துடணும்."

அவள் முகம் வெளுத்துப்போனது. "நான் எப்பக்கா முடியாதுன்னு சொன்னேன்?"

அதை இங்கிலீஷில் சொன்னேன். வக்கீல் சிரித்தார். அதிகாரி அம்மா, "மூன்று தடவையும் அப்படித்தான் சொன்னீர்கள், எனக்கே நன்றாக நினைவிருக்கிறது" என்றார். அதைத் தமிழில் கேட்டதும் அவள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போகட்டும்னுதான் சொன்னேன். புள்ளைக்கு மூச்சிரைப்பு இருக்கு. போன தடவை கூட்டிட்டுப் போயி, ஜன்னலெல்லாம் சாத்திட்டு உள்ளேயே உக்காந்து சிகரெட் புடிச்சிருக்காரு. இழுக்கிற மருந்த பையில வெச்சுக் குடுத்தேன், அந்தப் பை லாரியிலயே கெடந்திருக்கு. ஒதடெல்லாம் நீலமாகி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அதனால வீட்டுக்குள்ள சிகரெட் கூடாது, மருந்து கைக்கெட்டுற எடத்துல இருக்கணும். இந்த ரெண்டும் செஞ்சா தாராளமா அனுப்புறேன். இல்லன்னா முடியாது. இதத்தான் மூணு தடவையும் சொன்னேன். முன்னாடி உங்க எடத்துல வந்த அந்த அண்ணன் ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டாரு. இங்கிலீஷ் ரொம்ப சின்ன பாஷை போலிருக்குன்னு நெனச்சேன்."

அந்த அண்ணன் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குள் அவருக்குச் 'சுருக்கம்' என்று பெயர். ஒரு கிழவர் கண்ணீரும் கம்பலையுமாகச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வருத்தமாக இருக்கிறாராம்" என்று முடித்தவர். அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. அவரை நாங்கள் எத்தனையோ தடவை கேலி செய்து சிரித்திருக்கிறோம். இவள் சொன்ன அவ்வளவையும் விட்டுவிட்டு, கடைசியில் வந்த 'முடியாது'வை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன்.

ஜன்னல் சாத்திய இடம் வருவதற்குள் வக்கீல் கையை நீட்டித் தடுத்தார். "கதையெல்லாம் எதற்கு? ஆமாவா, இல்லையா? சுருக்கமாகச் சொல்லுங்கள்."

"மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்கிறார்," என்றேன். "அவர் முழுசாகச் சொன்னதை முழுசாகச் சொல்ல விட வேண்டும்." மொழிபெயர்ப்பாளருக்குக் கோபம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதிகாரி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தொடருங்கள்" என்றார். சிகரெட், ஜன்னல், லாரியில் கிடந்த பை, நீல உதடு, ஒன்றையும் விடவில்லை. அந்த இரண்டு நிபந்தனைகளையும் சொல்லி முடித்தபோது அதிகாரி அம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். வக்கீலுக்கு மட்டும் கொஞ்சமும் உறைக்கவில்லை. "இதெல்லாம் இன்றைக்கு ஜோடித்த கதை," என்றார். "இதுவரைக்கும் ஒரு தடவையாவது சொன்னாரா? இம்ப்ளேக்கபிள் என்று நான் சொன்னது சரிதான்."

"இன்னிக்கு ஜோடிச்ச கதை" என்று நான் தமிழில் சொன்னதும் அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அதுவரை அவரு, இவரு என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவள்.

"நீ கேட்டல்ல?" என்றாள். "மூணு தடவையும் இதே நாற்காலியிலதானே உக்காந்திருந்த? நான் சொன்னதையும் கேட்ட, அந்த அண்ணன் சொன்னதையும் கேட்ட. உனக்குத்தான் ரெண்டு பாஷையும் தெரியுமே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நேரம் சுருக்கத்தின் மேலும் வக்கீலின் மேலும் எரிந்துகொண்டிருந்தேன். இந்த மனிதர் அங்கே ஒருவர் இருப்பதையே மறந்திருந்தேன். அவள் வாய் வலிக்கச் சொன்னதும், அது இரண்டு வார்த்தையாகக் கீழே விழுந்ததும் அவர் காதுபட நடந்தவை. "அப்படி இல்லீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்திருக்கிறார். பெற்ற குழந்தையின் மூச்சு அது.

அவள் கேட்டதை நானும் அவரைப் பார்த்தே இங்கிலீஷில் கேட்டேன். வக்கீல் சட்டென்று திரும்பினார். அவருக்கும் இது தெரியாது போலிருக்கிறது. லாரிக்காரர் டிஷ்யூ பெட்டியையே பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார்.

"கேட்டேன்," என்று முணுமுணுத்தார்.

"முழுசாவா?" என்றாள்.

"முழுசாதான் கேட்டேன். பேசாம இருந்துட்டேன்."

பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. "நான் முழுசாகக் கேட்டேன்! பேசாமல் இருந்துவிட்டேன்!" என்று நான் இங்கிலீஷில் சொன்னது வெளியே வராந்தாவுக்கும் கேட்டிருக்கும். பேசுகிறவர் குரல் எவ்வளவோ அவ்வளவுதான் நம் குரலும் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்கப்புறம் அதிகாரி அம்மா வக்கீலைப் பேச விடவில்லை. குழந்தை அம்மாவிடம்தான் இருக்கும், அந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டால் வார இறுதியில் அப்பாவிடம் போகும், ஒன்று தவறினாலும் போகாது என்றார். லாரிக்காரர் தலையாட்டினார். பிறகு அந்த அம்மா இவள் பக்கம் திரும்பி, "உங்களைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையைப் பதிவிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறேன்" என்றார்.

அதை நான் தமிழில் சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"அந்த எளகாதவங்கற வார்த்தையா? எடுக்க வேணாம்னு சொல்லுங்கக்கா. எனக்கு இவரு மேல பகையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா எம் பொண்ணு மூச்சு விஷயத்துல யாரு வந்து சொன்னாலும் எளக மாட்டேன். அதுல நான் அவங்க சொன்ன ஆளுதான். அந்த வார்த்தை எனக்கே இருக்கட்டும்."

நான் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வரிக்கு வரும்போது வக்கீலின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்த விஷயத்தில் நான் இம்ப்ளேக்கபிள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். எங்களில் யார் சொன்னது என்று அவருக்குக் குழப்பம். மொழிபெயர்ப்பாளர் அதை விளக்கவில்லை.