மயக்காத செடி

1

இந்தக் கதை எனக்கு எங்கள் ஊர் சலவைக்கூடத்தில் கிடைத்தது. பக்கத்து வீட்டு டார்லா, சுற்றிக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். கடைசியில், "ராய்ஸ்கிட்ட மூச்சு விட்டுடாத" என்றாள். ராய்ஸ் அவள் கணவன். வாக்குக் கொடுத்தேன். அவனிடம்தானே சொல்லக்கூடாது, உங்களிடம் சொல்லலாம்.

முதல் தொடக்கம்: "அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் கஞ்சா எல்லோருக்கும் சட்டபூர்வமானபோது ஊரே கொண்டாடி..."

அடித்துவிட்டேன். யாரும் கொண்டாடவில்லை. மழை பெய்தது. தூண்டில் கடை இருந்த இடத்தில் பச்சை விளக்குப் போட்ட கஞ்சாக் கடை வந்தது. அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: "ராய்ஸின் கால்கள் அவன் பேச்சைக் கேட்பதில்லை."

இது இருக்கட்டும். மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். நரம்பு நோய் வந்து கால் தசைகள் முறுக்கிக்கொண்டு துள்ளும். மாத்திரைகள் தோற்ற இடத்தில் ஒரே ஒரு எண்ணெய் கேட்டது. மலைமேல் கர்டிஸ் என்பவன் ராய்ஸுக்காகவே வளர்த்த, போதை ஏறாத ஒரு கஞ்சாச் செடியின் எண்ணெய்.

2

[இங்கே சட்டம் சொல்லியாக வேண்டும். சட்டம் நுழைந்தால் கதை கொட்டாவி விடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

நோயாளிக்கு அரசு ஒரு கார்டு கொடுக்கும். அந்தக் கார்டின் பேரில்தான் கர்டிஸ் போன்றவர்கள் அடுத்தவருக்காகச் செடி வளர்க்கலாம். கார்டு காலாவதியானால் செடியையும் பிடுங்க வேண்டும். ராய்ஸின் செடியோ விதையில் வராது. தாய்ச்செடியிலிருந்து கிளை வெட்டி நட்டால்தான் அதே குணம் வரும்.

"கடையில ரொட்டி மாதிரி விக்கிறான். இன்னும் எதுக்கு வருஷா வருஷம் டாக்டர் முன்னால போய் நிக்கணும்?" என்று டார்லா கார்டைப் புதுப்பிக்காமல் விட்டாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் விட்டார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஒத்துத்தான் வாழ்ந்தாள்.

கையிருப்பு எண்ணெய் தீர்ந்ததும் மலையேறிப் போனாள்.

3

"நீங்களும் கடைக்கே போயிட்டீங்கன்னு நெனச்சேன், டார்லா."

"எண்ணெய்க்கு உங்கிட்டதானடா வருவேன்?"

"கார்டு இல்லாம எந்தக் கணக்குல வளக்குறது? சோதனைக்கு வந்தான்னா மத்தவங்க செடியையும் சேத்துப் பிடுங்கிருவான்."

"தாய்ச்செடி?"

கர்டிஸ் எருக்குழியைக் காட்டினான்.

"ஒரு போன் பண்ணக் கூடாதா? இப்பதான் யார் வேணா வீட்டுல வெச்சுக்கலாமே. ஜன்னலோரம் வெச்சிருப்பேனே."

"கார்டே வேணாம்னு விட்டவங்களுக்குச் செடி எதுக்குன்னு..."

அவனும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

கர்டிஸை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்லவனாக்கினேன். அதனால் செடி திரும்பி வரவில்லை. கோபப்பட ஓர் ஆள்கூடக் கிடைக்காத கதையை எழுதுவது எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

4

பச்சை விளக்குக் கடைப் பெண் சிரித்தாள். "ஏறாத கஞ்சாவா? அதை யாரு வாங்குவா? அலமாரியில தூங்குச்சு, நிறுத்திட்டோம். பீச் பழ ருசியில கஞ்சா மிட்டாய் இருக்கு, தரட்டா?"

டார்லா இருப்பதில் போதை குறைந்த எண்ணெயை வாங்கினாள். கர்டிஸின் பழைய பாட்டிலில் ஊற்றிவைத்தாள்.

5

ஒரு முடிவு: பக்கத்து மாவட்டத்தில் யாரிடமோ அந்தச் செடியின் கிளை ஒன்று உயிரோடு இருக்கிறது. எழுதினேன், கிழித்தேன். டார்லா கேட்காத ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று: அவள் ராய்ஸிடம் உண்மையைச் சொல்லி அழுகிறாள், அவன் மன்னிக்கிறான். மன்னித்தால் கால் துள்ளுவது நிற்குமா?

மூன்றாவதை நான் எழுதவில்லை, பார்த்தேன். போன ஞாயிறு அவர்கள் வீட்டில் இருந்தேன். டார்லா அவன் நாக்கடியில் சொட்டு விட்டாள்.

"எப்படி இருக்கு?"

"உன் சமையல் மாதிரி இருக்கு."

"கிழவா, காலைக் கேட்டேன்."

"தேவலை. கர்டிஸ் கைப்பக்குவம், சொல்லணுமா?"

அவள் முகம் தெளிந்தது. சூப் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். ராய்ஸ் போர்வையை விலக்கினான். இரண்டு கையாலும் தொடையை அமுக்கியிருந்தான். அப்படியும் முழங்கால் துள்ளிக்கொண்டிருந்தது.

"முதல் சொட்டுலயே தெரிஞ்சுபோச்சு, இது அது இல்லன்னு" என்றான். "அவகிட்ட மூச்சு விட்டுடாத. கார்டு போனது தன்னாலதான்னு ஏற்கெனவே உருகிப்போயிருக்கா."

அவனுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு வாக்கையும் வைத்துக்கொண்டு என்னால் இதை முடிக்க முடியாது. உங்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. வேண்டுமானால் யாராவது ஒருவரிடம் நீங்கள் சொல்லுங்கள். யாரிடம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

சீக்கிரம். டார்லா சூப்போடு வருகிறாள். ராய்ஸ் போர்வையை இழுத்துக் காலை மூடுகிறான்.