வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலி வாளி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஆயர் ஈத்தாமிலிருந்து கொம்தார் வரும் பஸ்ஸில், நோன்பு மாதத்தில், என் பின் இருக்கையில் ஒரு பெண் பேசியது. "குதிரைக்கும் நோன்புதானாம். சொல்லிட்டுச் சிரிக்கிறான்." அவ்வளவுதான் காதில் விழுந்தது. எதிர்முனையில் பதில் இல்லை. கைப்பேசியில் யாருக்கோ குரல் செய்தி பதிந்துகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகம் பிறகு வந்தால் சரி, வராவிட்டாலும் பாதகமில்லை.

கொம்தாரில் இறங்கிவிட்டேன். மீதி நான் கட்டியது.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

குதிரையின் கண்ணில் கடல் தெரிந்தது... (யார் பார்த்தது? கதையில் வருகிறவளுக்கு வேலி வரை நடக்கவே முழங்கால் விடாது.)

ஜோர்ஜ்டவுனில், இன்ன சாலையில், இன்ன... (வேண்டாம். ஆளைத் தேடிக்கொண்டு போவார்கள்.)

கடைசியாக இது: ருக்கையாவை முறை சொல்லிக் கூப்பிட அக்கம்பக்கத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான், அவன் குதிரையை அடிக்கிறவன்.

இது நிற்கும்.

3

ருக்கையாவின் கணவர் மௌத்தாகி வெகுகாலம் ஆகிறது. மகள் ஃபஸீலா இருப்பது செபராங் ஜெயாவில். பாலத்தைத் தாண்டினால் வீடு. ஆனாலும் வருவதென்னவோ அவளுடைய குரல் செய்திகள்தான். பக்கத்து வீட்டு சுகுமாரன் லோரி ஓட்டுகிறான். சனி, ஞாயிறில் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி உலாத்துவதும் அவன் பிழைப்பு. குதிரைக்குக் கொட்டகை அவன் வீட்டுப் பின்பக்கம், ருக்கையாவின் அடுப்படிக்கு நேரே.

நோன்பு மாதம் வந்தால் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். வரிசையில் நிற்க அவளுக்குக் காலில் தெம்பில்லை. சுகுமாரன் அவளுடைய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, தொப்பி போட்டவர்களுக்கு நடுவில், நெற்றித் திருநீற்றோடு போய் நிற்பான். அடுத்த வருசம் நோன்பும் பிடித்துவிடு என்று கஞ்சி ஊற்றுகிறவர்கள் கிண்டலடிப்பார்களாம். திரும்பி வந்ததும் வாசலில் குரல் கேட்கும்: "அக்கா, இன்னிக்கு எறச்சி கூடப் போடச் சொன்னேன்."

அதே கைதான், குதிரை லோரியில் ஏற மறுத்து நின்றால் ரப்பர் குழாயை எடுக்கும். வயிற்றுப் பட்டை அறுத்த இடத்தில் புண்; புண்ணில் ஈ. நோன்பு மாதத்தில் கடற்கரையில் கூட்டம் இல்லை, வருமானம் இல்லை. வெயில் விழும் பக்கமாகக் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவான். வாளி காய்ந்து கிடக்கும். ஒருநாள் கஞ்சியை வாங்கும்போது தண்ணீரைப் பற்றி அவள் பட்டும் படாமலும் கேட்டாள்.

"குதிரைக்கும் நோன்புதான்க்கா. அதுக்கும் புண்ணியம் சேரட்டுமே."

ருக்கையாவும் சிரித்துவைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கஞ்சி ஆறிய பிறகும் அந்தச் சிரிப்பு அவளுக்கு இறங்கவில்லை.

4

இங்கே எனக்கு ஒரு சங்கடம். இந்தக் கதையில் நல்ல வசனமெல்லாம் அடிக்கிறவனுக்கே வாய்க்கிறது. குதிரை பேசாது. ருக்கையாவும் இதுவரை தன் வாயால் ஒரு வசனம் பேசவில்லை, கவனித்தீர்களா? அவனைக் கொடியவனாக்கி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். பத்தி முடிவதற்குள் வாசலில் வந்து நின்று, "அக்கா, கேஸ் தோங் காலியா, மாத்தித் தரவா?" என்கிறான்.

(குதிரைக்குப் பெயர் வைத்தேன்.* பிறகு எடுத்துவிட்டேன்.)

* பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருமில்லை.

5

ஒரு மத்தியானம் ருக்கையா சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், வேலி இடுக்கில் தண்ணீர்க் குழாயை நீட்டி வாளியை நிரப்பினாள். குதிரை குடிக்கும் சத்தத்தைத் தன் காய்ந்த தொண்டையோடு கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று முழுக்க அவளுக்குத் தாகமே தெரியவில்லை.

ஈர மண்ணைச் சுகுமாரன் பார்த்துவிட்டான். மறுநாள் வேலி நெடுக ஒட்டுப்பலகை அடித்திருந்தான். வாடை அவள் வீட்டுப் பக்கம் வரக்கூடாதல்லவா, அதற்காகத்தான் என்றான். அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது சத்தம் மட்டும்: குளம்பு உதைத்து உருளும் காலி வாளி.

மகளுக்குச் சொன்னாள். பதில் இரவில் வந்தது. "உம்மா, அவரும் இல்லன்னா ஒங்கள யாரு பாப்பா? வேணாம்லா, விட்டுருங்க."

ஆனாலும் கால்நடை இலாகாவுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் ஹஸ்ருல், மரியாதையாக மலாயில் பேசினார். உங்கள் பெயர் வேண்டாம், குதிரை கட்டியிருக்கும் வீட்டின் எண் மட்டும் போதும், யோசித்து வையுங்கள், சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றார். பெயர் எதற்கு? அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே வீடு.

6

முடிவுகள்.

இலாகாக்காரர்கள் குதிரையை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மறுநாள் கஞ்சி நேரம் வருகிறது. வாசலில்... (இதற்கு மேல் ஓடவில்லை. யாரும் பேசவில்லை.)

சுகுமாரன் மனம் மாறி... (ஒரே பக்கத்தில் திருந்துகிறவனை நான் நம்புவதில்லை.)

அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். பெருநாள் வருகிறது. பிரியாணி கேட்டு வேலியோரம் நிற்கிறான், கிண்டலடிக்கிறான், அவள் சிரிக்கிறாள். இது கைவலி தெரியாமல் ஓடிற்று, நாலு பக்கம். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். அவளைப் போலவே எனக்கும் அவன் தேவைப்படுகிறான். அவன் போய்விட்டால் கதையில் பேச ஆளில்லை. நாலு பக்கத்தில் ஓரிடத்தில்கூட வாளி உருளவில்லை.

7

ஆகவே இதுதான்.

சாயங்காலம் கைப்பேசி அடித்தது. ஹஸ்ருல் வீட்டு எண்ணைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அதே நேரம் வாசல் கேட் திறந்தது.

"அக்கா, கஞ்சி. சூடா இருக்கு, பாத்து."

பலகைக்கு அந்தப் பக்கம் வாளி உருண்டது.

ருக்கையா கைப்பேசியைக் காதிலிருந்து இறக்கினாள். அணைக்கவில்லை.

"கஞ்சிய வையி, சுகு. போயி அந்த வாளிய எடுத்துட்டு வா. அது குடிக்கட்டும், அப்பறம் நான் நோன்பு தொறக்குறேன்."

அவன் சிரிக்கவில்லை. தூக்குவாளி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"லைன்ல யாருக்கா?"

அவள் வாய் திறக்கிறாள். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. கொம்தாருக்கு அப்பால் எனக்குக் கேட்டதில்லை. நீங்கள் இறங்க வேண்டாம். பஸ்ஸில் கூட்டமில்லை, அந்தப் பெண் இன்னும் உங்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பதிந்த குரல் செய்தியை மறுமுனையில் யாராவது கேட்டார்களோ என்னவோ. நான் திரும்பவில்லை. நீங்களாவது திரும்பி, அப்புறம் என்ன சொன்னீங்க என்று கேளுங்கள்.