தாய்மாமன் பேனரில் பதினாறு எழுத்து

"மச்சான், அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னான்னு கேக்குறாருடா உங்க மாமா."

"எந்த மாமா?"

"எந்த மாமாவா? மண்டப வாசல்ல பத்தடி ஒசரத்துல கூலிங் கிளாஸோட நிக்கிறாரே, அந்த மாமா."

செந்தமிழ்செல்வன் வாயிலிருந்த இட்லியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு தமீம் அன்சாரியைப் பார்த்தான்.

கடலூர் மண்டபம். ஒன்பது மணிக்கு அக்கா சத்யப்பிரியாவுக்கு முகூர்த்தம். அதற்கு முன்னால் தாய்மாமன் தேவநாதன் மேடையேறி, பெண்ணுக்கு நெற்றிப் பட்டம் கட்ட வேண்டும். அவர் கட்டாமல் தாலி இல்லை. அவரோ கோபித்துக்கொள்வதற்கென்றே பிறந்தவர். போன வருஷம் காதுகுத்து பேனரில் தன் படம் சித்தப்பா படத்தைவிட இரண்டு விரற்கடை சின்னதாக இருக்கிறது என்று, கறிச்சோற்றைத் தொடாமல் தன் ஊர் கம்மாபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

இந்த முறை படத்தைப் பெரிதாக்கியாயிற்று. அடைமொழிதான் பாக்கி. செல்வனும் தமீமும் சிதம்பரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர்கள். சிங்கம், சிறுத்தை எல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அச்சடித்தவர்களே அவர்கள்தானே. செல்வனிடம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய தலையணை டிக்ஷனரி ஒன்று உண்டு. யாரும் பேசாத பழைய இங்கிலீஷ் வார்த்தைகளைப் படித்துப் படித்துத் தனியாகச் சிரிப்பது அவன் பழக்கம். அதிலிருந்து மாமாவுக்குப் பொருத்தமாக ஒன்றை எடுத்தான். ரொம்பவே பொருத்தம். அதுதான் சிக்கல்.

'அல்ட்ராகிரெபிடேரியன்' தேவநாதன். இங்கிலீஷில் பதினாறு எழுத்து. தனக்குத் தெரியாத விஷயத்திலெல்லாம் கருத்து சொல்கிறவர் என்று அர்த்தம்.

வாசலில் தன் படத்துக்குக் கீழேயே மாமா நின்றிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"டேய் செல்வா, இங்க வா. என்னாடா அர்த்தம் இதுக்கு?"

"பெரிய ஆளுங்களுக்குப் போடுறது மாமா."

"அது தெரியுது. எவ்ளோ பெரிய ஆளு?"

வீடியோக்காரர் முந்திக்கொண்டார். "வெள்ளக்காரன் காலத்துப் பதவிங்க. கலெக்டருக்கு ஒரு படி மேல."

"அதெல்லாம் இல்ல. கண் டாக்டருங்க படிக்கிற படிப்பு. போர்டுல பாத்திருக்கன்" என்றார் சமையல் மாஸ்டர்.

மாப்பிள்ளையின் அப்பா சடையப்பனுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "யோவ், வெஜிடேரியன்னு கேள்விப்பட்டதில்ல? அல்ட்ரான்னா முட்டைகூட தொடாத ஆளு."

"நேத்து நாலு ஆம்லெட் தின்னன் சம்மந்தி" என்றார் மாமா.

"அப்ப நேத்தோட நிறுத்திட்டீங்க."

தமீம் செல்வன் காதோரம் வந்தான். "மச்சான், ஒருத்தருக்குத்தான போட்டோம்? எல்லாருக்கும் பொருந்துதேடா."

மாப்பிள்ளையின் தங்கை கயல்விழி எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். போனும் கையுமாக வந்தாள். செல்வன் கண்ணால் கெஞ்சினான். கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கெடச்சிருச்சு. தனக்குத் தெரியாததுல எல்லாம் கருத்து சொல்றவர்."

அந்த நேரம் பார்த்துத்தான் நாதஸ்வரம் நிற்க வேண்டுமா? நின்றது. உள்ளே மைக்கில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். மாமா நகரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். காதுகுத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் உதறியதும் இதே உதறல்தான்.

"எந்த டிக்ஷனரிம்மா அது?"

"ஆன்லைன்ல அங்கிள்."

"அதான பாத்தன். தப்பு."

"இல்ல அங்கிள், இது ரொம்பப் பழைய வார்த்தை..."

"பழசுன்னு நீயே சொல்ற. பழசுக்குப் போன்ல எப்பிடிம்மா அர்த்தம் வரும்? இங்கிலீஷ்ல எனக்குத் தெரியாததா?"

மாமா எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தது இங்கிலீஷால்தான்.

"அண்ணன் சொல்றது கரெக்ட்டு" என்றார் வீடியோக்காரர். மாஸ்டரும் தலையாட்டினார். சடையப்பனும் ஆட்டினார். கயல்விழி போனைப் பார்த்தாள், முகங்களைப் பார்த்தாள், போனைப் பைக்குள் வைத்தாள்.

"நெட்டு ஸ்லோவா இருக்கு அங்கிள்."

மாமா மேடையேறிப் பட்டம் கட்டினார். அக்கா அழுதாள். செல்வனுக்கும் கண் கலங்கியது. அவன் காரணம் வேறு.

மத்தியானப் பந்தியில் சடையப்பன் அவன் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நாளைக்கு சிதம்பரத்துல ரிசப்ஷன். எனக்கும் அதுமாரி ஒன்னு போடு."

"என்னா அர்த்தத்துல வேணுங்க?"

"அர்த்தத்த வெச்சிக்கினு நான் என்னா பண்றது? தேவநாதனோடதவிட ஒரு எழுத்தாவது கூட வரணும். இல்லன்னா வர்றவங்க என்னை என்னான்னு நெனப்பாங்க? ஒங்க அக்காவும் எங்க ஊட்லதான இருக்கப் போவுது."

சடையப்பன் மனை விற்பார், தண்ணி கேன் போடுவார், பழைய டயர் வாங்குவார். கொரோனாவில் ஆவி பிடிக்கிற மெஷின் விற்றார்.

சாயங்காலம் கடையில் டிக்ஷனரியைப் புரட்டியதில் சரியாகப் பதினேழு எழுத்தில் ஒன்று சிக்கியது. 'குவோமோடோகன்குவைசிங்'. செல்வன் இரண்டு தரம் எண்ணினான், தமீம் ஒரு தரம் எண்ணினான். அர்த்தம், எந்த வழியிலாவது காசு பார்த்துக்கொண்டே இருப்பது.

"மச்சான், அளவெடுத்துத் தெச்ச சட்டடா" என்றான் தமீம். "மெஷின் சூடா இருக்கு. போட்டுரவா?"

செல்வன் வாயெல்லாம் பல்லாக மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாளைக்கு கயல்விழியும் வருவாள், போனோடு. சிதம்பரத்தில் நெட்டும் வேகம். இதைவிடப் பொருத்தமான வார்த்தை இனிமேல் கிடைக்காது. நீங்களே சொல்லுங்கள், பிரிண்ட் கொடுத்துவிடலாம்தானே?