காயமே படாத மூன்றாம் கம்பெனி

பின்லாந்து ராணுவ வரலாற்றிலேயே கால் சுளுக்காத ஒரே படைப்பிரிவு எங்கள் மூன்றாம் கம்பெனிதான். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. ஐந்து வாரம், நூற்றுப் பன்னிரண்டு பேர், காயம் பூஜ்யம். படிவங்களைத் திரட்டிக் கொடுத்தவனே நான்தான்.

ஆய்வு கேப்டன் வூக்கோ இல்மனனுடையது. ராணுவ மருத்துவர். கட்டாய சேவைக்கு வருகிறவர்களின் கணுக்காலையும் முழங்காலையும் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் ஏற்பாட்டின்படி இரண்டாம் கம்பெனிக்காரர்கள் தினமும் காலை உணவுக்கு முன் பன்னிரண்டு நிமிடம் ஒற்றைக் காலில் நிற்பார்கள், குதித்து மெதுவாகத் தரையில் இறங்குவார்கள். இதனால் காயம் குறைகிறதா என்பதுதான் கேள்வி. நாங்கள் ஒப்பீட்டுக் குழு. அதாவது, எதுவும் செய்யாமலிருக்க அறிவியலால் நியமிக்கப்பட்டவர்கள். அந்தப் பொறுப்பை மிகுந்த அர்ப்பணிப்போடு நிறைவேற்றினோம். உறைபனி படிந்த மைதானத்தில் அவர்கள் தள்ளாடும்போது, கஞ்சி வரிசையில் நின்றபடி நான் குரல் கொடுப்பேன்: “ஏய் கொக்குங்களா, மீன் கெடச்சுதா?” அவர்களில் எவனாவது நொண்டிக்கொண்டு முகாம் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால், “ஓய்வுச் சீட்டு வாங்கவா? அம்மாவையும் கூட்டிட்டுப் போடா” என்பேன்.

திங்கள்தோறும் ஆளுக்கொரு படிவம் வரும். ஒரு மனித உருவம் வரைந்திருக்கும், வலிக்கிற இடத்தில் வட்டம் போட வேண்டும். முதல் வாரம் நான் அந்த ஆளுக்கு மீசை வரைந்து கொடுத்தேன். அடுத்த வாரம் என் படிவத்தின் ஓரத்தில் கேப்டனின் சின்னக் கையெழுத்து: “மீசையில் வலி உண்டா?”

பூஜ்யத்துக்குக் காரணம் எங்கள் சார்ஜென்ட் மேஜர் ஹார்டிக்கா. நல்ல மனிதர். ஆய்வு தொடங்கிய அன்று அணிவகுப்பில் சொன்னார்: “ஆறு வாரம் ஒரு காயமும் பதிவாகலேன்னா கம்பெனிக்கே ஒரு நாள் கூடுதல் லீவு. கவனமா இருங்கடா.” அவர் கவனமாக நடக்கச் சொன்னார். நாங்கள் கவனமாகப் படிவம் நிரப்பினோம்.

ஆறாவது வாரம் புதன்கிழமை இருபது கிலோமீட்டர் நடை. பதினான்காவது கிலோமீட்டரில், பாசி மூடிய இரண்டு வேர்களுக்கு நடுவே என் இடது கால் போய்ச் சிக்கியது. உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். மிச்சம் ஆறு கிலோமீட்டரையும் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் நடந்தேன்.

சாயங்காலம் சவுனா என்கிற நீராவிக் குளியல். அங்கே ஒரு சங்கடம், யாரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை. மேல் பலகையிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ரொட்டி மாதிரி உப்பிய கணுக்கால் ஏழு, என்னுடையதைச் சேர்க்காமல். பக்கத்துக் கட்டில் சவிக்கோவின் முழங்கால் தனியாக ஒரு டர்னிப் கிழங்கு.

“என்னடா இது?”

“கொசுக்கடி.”

“முழங்கால் பூராவுமா?”

“பெரிய கொசு. உன்னோடது?”

“அதே கொசுதான்.”

எவனோ சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினான். நீராவி எழுந்து எல்லாருடைய கால்களையும் மரியாதையாக மறைத்தது.

மறுநாள் வியாழன், பட்டாணி சூப்பும் பான்கேக்கும். தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார் கேப்டன்.

“ரைசனன், தினமும் பயிற்சி செய்யற ரெண்டாம் கம்பெனில ஒன்பது சுளுக்கு. ஒண்ணுமே செய்யாத உங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. அப்படி என்னதான் சாப்பிடறீங்க?”

“பட்டாணி சூப், கேப்டன்.”

“அவங்களும் அதைத்தான் சாப்பிடறாங்க.” பான்கேக்கில் ஜாம் தடவினார். “நாளைக்கு மத்தியானம் ஆய்வை முடிக்கறேன். இந்த எண்ணிக்கையே இருந்தா, பயிற்சியாலதான் கால் போகுதுன்னு நானே எழுதணும். எல்லா முகாம்லயும் நிறுத்திடுவாங்க. நான் ஏதாவது ஊர்ல சளிக்காய்ச்சல் ஊசி போடப் போயிடுவேன், அது பரவாயில்ல. ஆனா ஜனவரில வர்ற பசங்களுக்கெல்லாம் உங்கள மாதிரி இரும்புக்கால் இருக்காதே.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்தவர் என் இடது பூட்ஸைப் பார்த்தார். வீக்கத்தால் அதை இறுக்கிக் கட்ட முடியவில்லை.

“நாடாவைக் கட்டிக்கோ. தடுக்கி விழுந்தா காயம்னு ஆயிடும்.”

கேப்டன் சொன்னதை அறையில் சவிக்கோவிடம் சொன்னேன்.

“லீவு போயிடும்டா. சனிக்கிழமை கடமான் வேட்டை ஆரம்பம். வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லியாச்சு” என்றான்.

“இந்த முழங்காலோடயா? கடமான் ஓடுமேடா.”

“நான் உக்காந்து சுடுவேன்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, கஞ்சிக்கு முன்பே, ஆஸ்பத்திரிக் கதவருகே வரிசையில் நின்றேன். வரிசை என்பது நான் ஒருவன்தான். கையில் படிவம். இடது கணுக்காலில் வட்டம், இந்த முறை மீசை இல்லை. இடது காலைத் தரையில் ஊன்ற முடியாததால் வலது காலில் நின்றேன். விழாமலிருக்க இரண்டு கைகளையும் விரிக்க வேண்டியிருந்தது.

எதிரே மைதானத்தில் இரண்டாம் கம்பெனி பயிற்சிக்கு நின்றது. ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான்.

“ஏய் கொக்கு! மீன் கெடச்சுதா?”

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து எனக்காகவே உரக்க எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு. ரெண்டு. மூணு. பதினேழாவது எண்ணில் எனக்குப் பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி இழுத்துக்கொண்டு. அதற்கும் பின்னால் இன்னொன்று. திரும்பிப் பார்த்திருப்பேன், ஆனால் பார்த்தால் விழுந்துவிடுவேன். பதினெட்டு. பத்தொன்பது.