இன்னும் இரண்டு முழம்

1

இந்தக் கதை ஒரு செம்புத் தண்ணீரில் தொடங்கியது. 1991 கோடையில் உடுவிலிலிருந்து புத்தூருக்குச் சைக்கிளில் போனபோது, ஒரு வீட்டின் வாசற்படலையில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஞானாம்பிகை என்ற பெண், படலையடியில் நின்ற பிளாஸ்டிக் கானிலிருந்து ஊற்றித் தந்தாள். பக்கத்திலேயே அகன்ற தோட்டக் கிணறு. இது இருக்க ஏன் கான் என்று கேட்டேன். வெறுஞ்செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

2

முதல் வரி: "ஆழ்வாப்பிள்ளை பேராசைக்காரன்."

வெட்டிவிட்டேன். நான் வாசித்த துன்பியல் நாடகங்களில் பேராசை அரசர்களுக்குரியது. அவர்கள் நாட்டுக்காகக் கொல்வார்கள். விழும்போது இடி இடிக்கும். ஞானாம்பிகையின் அண்ணன் ஆழ்வாப்பிள்ளைக்கு வேண்டியிருந்தது வெங்காயம். 1985இல் சுற்றியிருந்த காணிகளையெல்லாம் குத்தகைக்கு எடுத்து, கண்ணுக்கெட்டியவரை நட்டான்.

கிணற்றில் பாதிப் பங்கு தங்கையின் சீதனம். ஒரு நாள் அவன் இறைப்பு, மறுநாள் அவள் இறைப்பு. அவனுடைய நாளில் மத்தியானத்துக்கு முன்னரே கிணறு வற்றியது. அடியில் துளை போட ஆள் பிடித்தான்.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. புத்தூரில் இது எல்லாருக்கும் தெரியும். அங்குள்ள நிலாவரைக் கேணியில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.]

3

"ஊத்து வந்திட்டுது அண்ணை. காணும், நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"இன்னும் ரெண்டு முழம், ஞானம்."

"அங்காலை கிடக்கிறது உப்பு. நிலாவரைக்குப் பக்கத்திலை பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தரவேணுமே?"

"வந்தா வரட்டும். நீ கறிக்கு உப்பு வாங்கத் தேவையில்லை."

துளை போட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ரை பங்கும் உதுக்குள்ளைதான் கிடக்கு."

"உன்ரை பங்குக்கும் சேத்துத்தான் பிள்ளை தோண்டுறன்."

4

அவனை முட்டாளாக எழுதியிருந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும். அவன் முட்டாள் இல்லை. உப்பு எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவன். அதற்குச் சற்று மேலே தன்னால் நிறுத்திவிட முடியும் என்று நம்பினான். அந்த ஆண்டுகளில் எங்களைச் சுற்றியிருந்த எல்லாருமே இன்னும் இரண்டு முழம், இன்னும் இரண்டு முழம் என்றுதான்

(இந்த வசனத்தை முடிக்கமாட்டேன்.)

முதல் வருடம் தெருவால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் வெங்காயத்தாளின் நுனிகள் கருகின. முதலில் அவனுடைய பாத்திகளில், பிறகு அவளுடையவற்றில்.

ஒரு மத்தியானம் அவள் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோய் அண்ணனுக்கு முன்னால் வைத்தாள்.

"உப்புப் போடேல்லை அண்ணை. கிணத்துத் தண்ணியிலைதான் காய்ச்சினது. சரியோ எண்டு பாருங்கோ."

அவன் ஒரு சோறு மிச்சம் விடாமல் சாப்பிட்டான். அதன்பின் அவர்கள் கதைக்கவில்லை.

போர் முற்றி மண்ணெண்ணெய் வராமல் போனபோது இறைக்கும் இயந்திரம் நின்றது. உப்பு போகவில்லை.

5

முடிவுகள்.

அவன் கிணற்றில் விழுந்தான். [எழுதிக் கிழித்தேன். விழவில்லை. தினமும் விடிய இன்னொருவர் கிணற்றுக்குச் சைக்கிளில் போய், ஒரு கான் நல்ல தண்ணீர் அள்ளிவந்து தங்கையின் படலையடியில் வைத்துவிட்டுப் போனான்.]

அவள் அதைக் குடித்தாள், மனம் இளகியது. [இல்லை. நான் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். "நீங்கள் இதைக் குடிக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். "வாற போற சனத்துக்கு இருக்கட்டும்," என்றாள். அவள் குடித்தது கிணற்றுத் தண்ணீர்.]

மூன்றாவது முடிவு: 1995 ஐப்பசி. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வீடுகளை விட்டு மழைக்குள் வெளிக்கிட்டு நடக்கிறது. நெரிசலில் அண்ணன் தண்ணீரை நீட்டுகிறான், தங்கை வாங்கிக் குடிக்கிறாள். நன்றாக வந்தது. அதையும் வெட்டினேன். ஒருவனுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுப்பதற்காக இத்தனை சனத்தைத் தெருவில் நடக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

நானும் அந்தத் தெருவில் நடந்தேன். இதைச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். அவர்கள் இருவரும் எங்கே என்று தெரியாது. ஆகவே இவ்வளவுதான் என்னால் முடியும்: வெளிக்கிடச் சொன்ன அந்தப் பின்னேரம் ஞானாம்பிகை படலைக்கு வருகிறாள். அன்று விடிய அவன் வைத்த கான் நிறைந்தபடி நிற்கிறது. அவளுடைய ஒரு கையில் துணிப்பை. மற்றக் கையில் ஒன்றும் இல்லை.

இனி நீங்கள்தான் எழுதவேண்டும். கான் பாரம். போகவேண்டிய தூரம் அவளுக்குத் தெரியாது.