இல்லாத மேசையின் புகைப்படம்

பதினாறு வருடமாகப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அக்காவுக்குப் படிவம் என்றால் பயமே கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஒரே மூச்சில் நிரப்பி முத்திரை குத்தி, இவ்வளவுதானா என்பது போல நிமிர்ந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவளையே ஒரு சின்னக் கட்டம் ஆட்டம் காண வைத்துவிட்டது.

வீட்டில் உட்கார்ந்து படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக்குக் கூடுதல் நிதி தருவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கிடைத்தால் மாலை வகுப்புக்குத் தனி ஆசிரியை வருவாள், புத்தகங்கள் வரும். அக்கா இருபத்து மூன்று பிள்ளைகளின் பெயர்களை எழுதினாள். கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டம் இருந்தது: ‘வீட்டில் இல்லாத மேசையின் புகைப்படத்தை இங்கே ஒட்டவும்.’

அக்கா நிதி அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“இல்லாத மேசைய எப்படிங்க போட்டோ எடுக்கிறது?”

“மேடம், கட்டம் இருக்கு இல்லையா? அப்ப படம் ஒட்டணும்,” என்றது எதிர்முனை, பொறுமையாக.

சரி, தலையெழுத்து என்று கேமராவை எடுத்துக்கொண்டு பட்டியலில் முதல் வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் வீடு. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். ஒரே அறை. மகள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“வாளி தெரியாம எடுங்கக்கா. அதையே மேசைன்னு சொல்லிடப் போறாங்க,” என்றாள் அம்மா.

அக்கா வெறும் மூலையைப் படம் எடுத்து அனுப்பினாள். பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது. ‘படத்தில் மேசை தெளிவாக இல்லை.’ இன்னும் கிட்டே போய் எடுத்து அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை அக்கா நிதி அலுவலகத்துக்கு நேரிலேயே போய் நின்றாள்.

ஆய்வாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி விளக்கினார்.

“இந்த மூலையில இல்லாதது மேசைதான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? பீரோவா இருக்கலாம், கட்டிலா இருக்கலாம். அதனால மொதல்ல ஒரு மேசைய வச்சு ஒரு படம் எடுங்க. அப்புறம் அதை எடுத்துட்டு ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டினா பளிச்சுனு புரியும்.”

கேட்கும்போது அதில் ஏதோ நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. வீடு திரும்பும் வழியில்தான் அக்காவுக்குத் தலை சுற்றியது.

பள்ளியில் தூக்கிக்கொண்டு போகும்படியான மேசை ஒன்றே ஒன்றுதான், தலைமை ஆசிரியருடையது. அவர் முகத்தைச் சுளித்தாலும் “பிள்ளைங்களுக்காகத்தானே, கொண்டு போங்க” என்றார். நாலு பேர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போய், சாய்த்து, புரட்டி, கால்களை ஒவ்வொன்றாக நுழைத்து உள்ளே இறக்கினார்கள். அக்கா முதல் படம் எடுத்தாள். அதன்பிறகு மேசை வெளியே வர மறுத்துவிட்டது.

எப்படித் திருப்பினாலும் வாசல் விடவில்லை. தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. தச்சர் வந்து அளந்து பார்த்தார்.

“ஒண்ணு மேசைய அறுக்கணும், இல்ல செவுத்த இடிக்கணும்.”

மேசை பள்ளிச் சொத்து, அறுக்க முடியாது. சுவர் வீட்டுக்காரருடையது, இடிக்க முடியாது. சிறுமி நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். அவளுடைய அம்மா சுவரோடு ஒண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்வரப் பழகிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆய்வாளர் நேரில் வந்தார். மேசையைத் தட்டிப் பார்த்தார்.

“நல்ல உறுதியான மேசை. இந்தப் பிள்ளைக்குத் தகுதி இல்ல,” என்று பெயரை அடித்தார். மற்ற இருபத்திரண்டு வீடுகளிலும் வைத்துப் படம் எடுக்க மேசை இல்லாததால் அந்தப் பெயர்களையும் அடித்தார். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கையெழுத்து வாங்க ஆய்வாளர் பள்ளிக்கு வந்தபோது, தலைமை ஆசிரியர் பதிவேட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் நின்றார்.

“சார், உங்க மேசை?”

“அதான் அந்த வீட்ல மாட்டிக்கிச்சே.”

ஆய்வாளர் சுவரைப் பார்த்தார். போன வருடம் மேசையோடு எடுத்த படம் அங்கே மாட்டியிருந்தது. கீழே அதே இடம், காலியாக. அவர் முகம் மலர்ந்தது.

“என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான கேஸ நான் பாத்ததே இல்ல!”

ஒரே வாரத்தில் நிதி வந்தது. பயனாளி ஒருவர்: தலைமை ஆசிரியர். மாலை வகுப்பு ஆசிரியையும் புத்தகப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“மாணவர் எங்க?” என்று கேட்டாள். அக்கா கையைக் காட்டினாள்.

தலைமை ஆசிரியர் கொதித்தார். “நான் போய் அஞ்சாம் வகுப்புப் பாடம் படிக்கிறதா? மானம் போகுது!”

அக்கா விதிமுறைப் புத்தகத்தை மூன்று முறை புரட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். “சார், பக்கத்துல துணைக்கு யாரும் உக்காரக் கூடாதுன்னு இதுல எங்கயும் போடல.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி இருபத்து மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

வருடக் கடைசியில் இன்னொரு கடிதம் வந்தது. பயனாளிக்குக் கணக்குத் தேர்வு. தேறிவிட்டால் உதவி நின்றுவிடும். அக்காவுக்கு அதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. அவரோ முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஒரு கூட்டல் பிழை கண்ணில் பட்டால்கூடச் சாப்பாடு இறங்காது. கடிதத்தைப் படித்துவிட்டு, “எழுதிடறேம்மா,” என்று மட்டும் சொன்னார்.

தேர்வன்று அக்கா ஜன்னல் பக்கம் நின்று பார்த்தாள். ‘ஏழு பெருக்கல் எட்டு’ என்ற இடத்தில் அவர் பேனா வெகுநேரம் நின்றது. நெற்றியெல்லாம் வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஐம்பத்து நான்கு’ என்று எழுதினார்.

இஸ்திரிக்காரியின் மகள், துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதிக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்துவிட்டாள்.

“சார், ஐம்பத்தாறு,” என்று மெல்லக் கிசுகிசுத்தாள்.

“தெரியும்மா,” என்றார் அவர். “நீ உன் பேப்பரப் பாரு.”

நூற்றுக்கு ஒன்பது வாங்கினார். உதவி இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டது.