எந்தத் தோட்டம், எதற்கு?

லியோனார்ட் சிரித்தாலே சிவானந்தத்துக்கு வயிறு எரியும். மலாயாவில் கோலசிலாங்கூர் கடைத்தெரு மாடியில் இருந்த அந்த டிசைன் கம்பெனியில் இஞ்சினியர்கள் நாலு பேர். ஆனால் ராஜா யாரென்றால், லைப்ரரி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லியோனார்ட்தான். பழைய வரைபடமோ, மண் பரிசோதனை அறிக்கையோ, பாலம் கட்டும் புத்தகமோ, எதுவும் அவர் கையால்தான் வர வேண்டும். வெள்ளைக்காரன் கேட்டால் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடும். தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்து, மெட்ராஸ் போய் இஞ்சினியருக்குப் படித்துவிட்டு வந்த சிவானந்தம் கேட்டால் ஆயிரம் கேள்விதான் வரும்.

அன்றைக்கு அவன் கேட்டது ஒரே ஒரு தாள். புக்கிட் ரோத்தான் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று, சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டி முள்கம்பி வேலி போடப் போகிறார்கள். வேலிக்குக் கோடு போடுகிற வேலை சிவானந்தத்துக்கு. கையில் இருந்ததோ விமானத்திலிருந்து எடுத்த போட்டோ. அதில் ரப்பர் மரத் தலைகள்தான் தெரிந்தன. அடியில் கிணறு எங்கே இருக்கிறதென்று எந்தச் சாமியைக் கேட்பது? நேரில் போய்ப் பார்க்கவும் தடை. லைப்ரரியில் இருந்த பழைய சர்வே தாள் ஒன்றில்தான் கிணறு குறித்திருக்கும். அது கிடைக்காவிட்டால் அத்தனை சனமும் தண்ணியில்லாமல் அடைபடும்.

"எந்தத் தோட்டம்?" என்றார் லியோனார்ட்.

"சொல்லக் கூடாது சார், ரகசியம். வடக்குப் பக்கத்து வரைபடக் கட்டு முழுசையும் குடுங்க, நானே தேடிக்கிறேன்."

"எந்தத் தோட்டம், எதுக்கு. ரெண்டையும் சொன்னாத்தான் தாள். ரூல்ஸ் லா, தம்பி."

"சார், சனங்க உயிர் விஷயம்."

"ஐயையோ, உயிர் விஷயமாம்! அப்பன் ஆத்தா இன்னும் ரப்பர் பால்வாளி தூக்குறாங்க, பையன் வந்து எங்கிட்ட ரகசியம் பேசுறான்!"

ஆபீசே கொல்லென்று சிரித்தது. சிவானந்தத்துக்கு முகம் செத்துப்போனது.

அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் மத்தியாஸின் மனைவி முரியல், லியோனார்டுக்கு ஒரே தங்கை. தோட்டத்துப் பேரைச் சொல்லியிருந்தால் மனுஷன் அலமாரியையே பெயர்த்துக் கொண்டுவந்து போட்டிருப்பார். ஆனால் வாயைத் திறந்தவனை விசாரணையில்லாமல் உள்ளே தள்ளுகிற எமர்ஜென்சி காலம் அது. பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சிரிப்பு இன்னும் ஓயவில்லை. சிவானந்தம் விழுங்கிக்கொண்டான்.

கம்பெனிப் பெரிய துரையிடம் போனான். "லைப்ரரிச் சண்டையை என்கிட்ட கொண்டு வராதே. போட்டோவை வைத்துக் கோடு போடு," என்றார் துரை. கோடு போட்டான். ராணுவ லோரிகள் வந்தன, சனங்களை அள்ளிக்கொண்டு போய் அடைத்தன. கிணறு வேலிக்கு வெளியே நின்றது.

பகலில் வாசல் திறந்திருக்கும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் பொழுது சாய்ந்து வாசலைச் சாத்தியபின், மத்தியாஸுக்குக் காய்ச்சல் ஏறியது. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முரியல் குடத்தோடு கம்பிக்கு அடியில் நுழைந்து போனாள். திரும்பி வரும்போது காவலுக்கு நின்றவன் சுட்டுவிட்டான். குடத்தில் தண்ணீர் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தங்கையின் அடக்கம் முடிந்து லியோனார்ட் வேலைக்கு வந்த அன்று, சிவானந்தத்தைக் கூப்பிட்டார். ஜன்னல் பலகை மேல் வடக்குப் பக்கத்துக் கட்டு முழுவதும் கிடந்தது. அவரே தாளை விரித்து வைத்திருந்தார். கிணறு நீலப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்தது. கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் உள்ளே வந்திருக்கும்.

"அது எந்தத் தோட்டம்னு அன்னைக்கே உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"முரியல் அங்க இருக்கான்னும் தெரியும்."

"தெரியும்."

"அட பாவி, காதோட காதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானா உன்னைக் காட்டிக் குடுப்பேன்?"

காட்டிக் கொடுத்திருக்க மாட்டார். அது சிவானந்தத்துக்கு அன்றைக்கே தெரியும். ஜெயில் பயமெல்லாம் பிறகு அவனே தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த ஜன்னலில் நின்றபோது அவன் காதில் விழுந்தது சிரிப்பு மட்டும்தான்.

வேலியை நகர்த்த உத்தரவு வந்திருந்தது. தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். லியோனார்ட் முகத்தைப் பார்த்தான், போயிருக்கலாம், போகவில்லை.

"எந்தத் தோட்டம், எதுக்குன்னு கேக்கலையே சார்?" என்றான்.